எரிந்த வீட்டில் மிஞ்சியவை

"எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அடுத்தவன் கஷ்டத்தில் ஆதாயம் தேடுகிறவர்களைச் சொல்வது அது. ஆனால் அதை நேர் அர்த்தத்தில் எடுத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. யாரும் எதையும் பிடுங்க நேரமே இல்லாமல் ஒரு வீடு முழுசாக எரிந்து போனால், மறுநாள் சாம்பலில் என்ன மிச்சம் இருக்கும்? தங்கமா? தகரமா? தாத்தாவின் போட்டோவா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு பக்கத்துக்காரர்களுக்குக் காட்டுத்தீ புதிதல்ல. கான்சாபுரம் மாதிரி மலையடிவார ஊர்களில் மழை பொய்த்த வருடங்களில் மாசி, பங்குனி பிறந்தால் மேற்கே மலையில் நெருப்பு ஊர்வது ராத்திரியில் சிவப்புக் கோடு போலத் தெரியும். ஆனால் நம் மலைகளில் பிடிப்பது பெரும்பாலும் தரைத்தீ. காய்ந்த புல்லையும் சருகையும் தின்றுகொண்டே போகும். காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் தோப்பு, வயல், கண்மாய் என்று எதாவது இருக்கும். அதனால் காட்டுத்தீ இறங்கி வந்து ஊரையே கொளுத்துவது இங்கே நடப்பதில்லை. அதற்காக ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள்.

முழு ஊரும் எரிவது என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சிலப்பதிகாரத்து மதுரைதான். உலகத்தின் வேறு சில பகுதிகளில் அது கதை இல்லை, வரலாறு. அந்த ஊர்களில் மிஞ்சிய சட்டி பானைகளும் கண்ணாடியும் சாவியும் என்ன சொல்கின்றன என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அவற்றில் ஒன்று, பிற்பாடு ஒரு மனிதனின் உயிர் சம்பந்தப்பட்ட வழக்கு வரைக்கும் போனது!

சமையலறையே ஒரு வெப்பமானி

முதலில் கொஞ்சம் அறிவியல். தீக்கு ஏழை, பணக்காரன் தெரியாது. பொருளின் விலையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டே விஷயம்தான். ஒன்று, பொருள் எரியுமா? இரண்டு, எரியாது என்றால் எத்தனை டிகிரியில் உருகும்?

நம் வீட்டுப் பாத்திர அலமாரியையே எடுத்துக்கொள்வோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்து மறந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அலுமினியக் குண்டான் 660 டிகிரியில் உருகும். கண்ணாடி டம்ளர் கிட்டத்தட்ட அதே சூட்டில் இளகித் தொய்ய ஆரம்பிக்கும். பித்தளைக் குத்துவிளக்கு 900 டிகிரியைத் தாண்டினால் உருகும். வெள்ளிக் கொலுசுக்கு 962, சுத்தத் தங்கத்துக்கு 1064, செம்புக் குடத்துக்கு 1085. நகையில் வேறு உலோகம் கலந்திருப்பதால் அது தங்கத்தின் உருகுநிலைக்கும் கீழேயே உருகிவிடும். எவர்சில்வர் தட்டு 1400 டிகிரி வரைக்கும் தாங்கும்.

மரச்சாமான் நிறைந்த ஒரு வீடு முழு வேகத்தில் எரியும்போது சூடு 1000 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அப்படியென்றால் மறுநாள் கணக்கு எப்படி இருக்கும்? பீரோவில் பூட்டி வைத்த தாலிச் சங்கிலி உருகி ஒரு குண்டுமணியாகக் கிடக்கலாம். சீர்வரிசையில் வந்து ஒரு தடவைகூட எடுக்காத எவர்சில்வர் அண்டா கறுத்துப்போய் முழுசாக நிற்கும்!

அம்மிக்கல் எரியாது, உருகாது. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் அமைப்பு மாறி சட்டென்று விரியும். அதனால் கல் வெடித்துச் சில்லுச் சில்லாகப் பெயரலாம். மண்சட்டிக்கு அந்தக் கவலை குறைவு. அது ஏற்கெனவே சூளையில் வெந்து வந்தது. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் தோண்டத் தோண்டப் பானை ஓடாகவே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். துணி, ஓலை, மரம் எல்லாம் போய்விடும். பானை உடையுமே தவிர அழியாது.

இதை வைத்துத்தான் தீ ஆய்வாளர்கள் எரிந்த வீட்டைப் படிக்கிறார்கள். அலுமினியம் உருகி, செம்பு உருகாமல் இருந்தால் அந்த இடத்தில் சூடு 660க்கும் 1085க்கும் நடுவில் இருந்திருக்கிறது. தெர்மாமீட்டர் இல்லாமலே தெரிந்துவிடுகிறது.

மர வாளி செய்த ஊர்

வரலாற்றில் பதிவான காட்டுத்தீக்களில் அமெரிக்காவில் மிக அதிகம் பேரைக் கொன்றது எது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அது 1871 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விஸ்கான்சின் மாநிலத்தில் பெஷ்டிகோ என்ற ஊரை எரித்த தீ. இறந்தவர்கள் 1200 முதல் 2500 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசம்? ஊரில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்த பதிவேடுகளும் சேர்ந்தே எரிந்துவிட்டன. அடையாளம் தெரியாத சுமார் 350 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள்.

அதே ராத்திரிதான் சிகாகோ நகரமும் பற்றி எரிந்தது. அங்கே இறந்தவர்கள் சுமார் 300 பேர். ஆனால் உலகம் முழுக்கச் செய்தி போனது சிகாகோவைப் பற்றித்தான். பெஷ்டிகோ பக்கம் தந்திக் கம்பிகளே எரிந்துபோனதால் சேதி வெளியே வரவே தாமதமானது. அதற்குள் உதவி வண்டிகள் சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டன.

இந்த ஊரின் தொழில் என்ன தெரியுமா? வீட்டுச் சாமான் செய்வது! சிகாகோவின் முதல் மேயராக இருந்த வில்லியம் ஆக்டனின் கம்பெனி அங்கே ஒரு பெரிய மரச்சாமான் தொழிற்சாலை நடத்தியது. வாளி, தொட்டி, துடைப்பக் கைப்பிடி, துணி மாட்டும் கிளிப் என்று எல்லாமே மரத்தில். வீடுகள் மரம், நடைபாதை மரம், தெருவில் போட்டிருந்தது மரத்தூள். சுற்றிலும் காடு. அந்த வருடம் கோடையில் மழையே இல்லை. நிலம் திருத்தவும் ரயில் பாதை போடவும் ஆங்காங்கே வைத்திருந்த சின்னச் சின்னத் தீக்களைப் புயல் காற்று ஒன்று சேர்த்தது. பலர் பெஷ்டிகோ ஆற்றில் இறங்கி, தலையை நனைத்துக்கொண்டே ராத்திரி முழுக்க நின்று உயிர் பிழைத்தார்கள்.

அவர்களில் ஒருவர் பீட்டர் பெர்னின் என்ற பாதிரியார். தேவாலயத்தில் நற்கருணை வைக்கும் சிறு பேழையை ஒரு வண்டியில் ஏற்றி, அந்த வண்டியை ஆற்றுக்குள் தள்ளிவிட்டார். மூன்று நாள் கழித்து அந்தப் பேழை ஆற்றில் ஒரு கட்டையின் மேல் சேதமில்லாமல் இருந்தது. தேவாலயத்தின் மணியோ ஒரு பாதி அப்படியே கிடக்க, மறுபாதி உருகி மணலில் வெள்ளித் தகடு போலப் படர்ந்திருந்தது. இதையெல்லாம் அவரே பின்னால் புத்தகமாக எழுதினார். ஒரே மணி, ஒரே தீ, ஆனால் சில அடி தூரத்தில் சூடு எவ்வளவு மாறும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பெஷ்டிகோவில் 1963ஆம் ஆண்டு ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் தீ அருங்காட்சியகம் திறந்தார்கள். ஊர் மொத்தமும் எரிந்த கதையைச் சொல்லும் இடத்தில் தீயிலிருந்து தப்பிய பொருட்கள் மிகக் கொஞ்சம்தான். அந்தப் பேழை, கரிந்துபோன ஒரு பைபிள், பிற்காலத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பிளாக்பெர்ரிப் பழ டின் போன்ற சில. ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பிய மர வாளி உலகமெல்லாம் இருந்திருக்கும், செய்த ஊரில் மட்டும் இருக்காது.

பைபிள் எப்படித் தப்பியது என்று கேட்கலாம். மூடி வைத்த தடித்த புத்தகத்துக்குள் காற்று போகாது. காற்று இல்லாமல் நெருப்பு இல்லை. அதனால் ஓரம் கரிந்தாலும் உள்ளே தாள் கரியாகி அப்படியே நின்றுவிடும். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியம் நகரில் ரொட்டியும் குழந்தைத் தொட்டிலும் கரிக்கட்டையாக நமக்குக் கிடைத்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

கறுப்புச் சனிக்கிழமை

பெஷ்டிகோவில் மிஞ்சியதை யாரும் உடனே சேகரிக்கவில்லை. 138 வருடம் கழித்து ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு மாதிரி.

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. மெல்போர்னில் அன்று வெயில் 46.4 டிகிரி. விக்டோரியா மாநிலத்தில் பல இடங்களில் ஒரே நாளில் தீ. மிகப் பெரிய தீ, கில்மோர் ஈஸ்ட் என்ற இடத்தில் ஒரு மின்கம்பி அறுந்ததில் தொடங்கியது. கிங்லேக், ஸ்ட்ராத்எவன், மேரிஸ்வில் போன்ற ஊர்கள் சில மணி நேரத்தில் போயின. 173 பேர் இறந்தார்கள். 2000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன.

தீ அணைந்த பிறகு மக்கள் திரும்பி வந்து செய்த முதல் வேலை சாம்பலைச் சலிப்பது. கல்யாணத்துக்கு வந்த கோப்பையின் ஒரு துண்டு, உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பாட்டில்கள், கைப்பிடி இல்லாத கரண்டி... விலை என்று பார்த்தால் பழைய இரும்புக் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார். ஆனால் அவர்களுக்கு அதுதான் "இங்கே ஒரு வீடு இருந்தது" என்பதற்கு மிச்சமிருந்த சாட்சி.

விக்டோரியா அருங்காட்சியகம் தீ அணைந்த கையோடு இப்படிப்பட்ட பொருட்களையும் மக்களின் அனுபவங்களையும் சேகரிக்கத் தொடங்கியது. கிங்லேக்கில் ஒரு வீடு எரிந்தபின் தனியாக நின்ற செங்கல் புகைபோக்கியைப் பெயர்த்துக் கொண்டுவந்து மெல்போர்ன் அருங்காட்சியகத்தின் வனக் கூடத்தில் வைத்தார்கள். நம் ஊரில் வீடு இடிந்தால் கடைசி வரை நிற்பது வாசல் நிலை. அங்கே புகைபோக்கி. நெருப்புக்கென்றே கட்டியது என்பதால் நெருப்பில் அதுதான் நிற்கிறது!

அருங்காட்சியகம் என்றால் ராஜா வாளும் தங்க நாணயமும்தான் என்று நினைக்கிறோம். ஒரு சாதாரணக் குடும்பத்தின் உருகிய பாட்டிலும் வரலாறுதான் என்று சொன்னது இந்த மாதிரிச் சேகரிப்புகள்தான்.

கண்ணாடி சொன்ன பொய்... இல்லை, நாம் தப்பாகப் படித்தது

இப்போது அந்த உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம்.

அமெரிக்காவில் தீ விபத்தை விசாரிப்பவர்களிடம் பல காலமாக ஒரு நம்பிக்கை இருந்தது. எரிந்த வீட்டில் ஜன்னல் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி நுண்ணிய விரிசல் விட்டிருந்தால், அங்கே தீ அசாதாரண வேகத்தில் சூடேறியிருக்கிறது, அதாவது யாரோ பெட்ரோல் மாதிரி எதையோ ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கட்டில் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து அமுங்கியிருந்தாலும், செம்பு உருகியிருந்தாலும் அப்படியே சந்தேகப்படுவார்கள். யாரும் பரிசோதித்துப் பார்த்ததில்லை. மூத்தவர் சொன்னதை இளையவர் கேட்டுக்கொண்டார்.

1991 அக்டோபர் 20ஆம் தேதி கலிபோர்னியாவில் ஓக்லாந்து மலைப்பகுதியில் காட்டுத்தீ புகுந்தது. 25 பேர் இறந்தார்கள், சுமார் 3000 வீடுகள் எரிந்தன. தீ ஆய்வாளர் ஜான் லென்டினியும் உடன் இருந்தவர்களும் இதை ஒரு பெரிய சோதனைச்சாலையாகப் பார்த்தார்கள். இந்த வீடுகளுக்குள் யாரும் பெட்ரோல் ஊற்றவில்லை என்பது உறுதி. காட்டுத்தீயில் எரிந்தவை. அப்படியானால் இங்கே "சதி அடையாளங்கள்" இருக்கக்கூடாது அல்லவா?

50 வீடுகளின் மிச்சத்தைப் பார்த்தார்கள். எல்லாமே இருந்தன! உருகிய செம்பு இருந்தது. அமுங்கிய கட்டில் ஸ்பிரிங் இருந்தது. விரிசல் விட்ட கண்ணாடியும் இருந்தது. அந்தக் கண்ணாடி எங்கே கிடைத்தது என்று பார்த்தபோது விஷயம் புரிந்தது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் அடித்த பக்கங்களில்! பிறகு சோதனைச்சாலையில் கண்ணாடியைச் சூடாக்கிப் பார்த்தார்கள். எவ்வளவு வேகமாகச் சூடேற்றினாலும் அந்த மாதிரி விரிசல் வரவில்லை. சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டதும் வந்தது.

இதைச் சொல்ல அமெரிக்க நிபுணர் தேவையா? எரிகிற அரிக்கேன் விளக்குச் சிம்னியில் மழைச் சாரல் பட்டால் என்ன ஆகும் என்று நம் பாட்டிகளைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள்.

சிரிக்கக்கூடிய விஷயம் இல்லை இது. அதே 1991 டிசம்பர் 23ஆம் தேதி டெக்சாஸில் கார்சிகானா என்ற ஊரில் ஒரு வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். அப்பா கேமரன் டாட் வில்லிங்ஹாம் உயிர் பிழைத்தார். அவர்தான் கொளுத்தினார் என்று வழக்கு. விசாரணை அதிகாரிகள் காட்டிய அடையாளங்களில் விரிசல் விட்ட கண்ணாடியும் ஒன்று. 2004 பிப்ரவரி 17ஆம் தேதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தண்டனைக்கு முன்பும் பின்பும் வழக்கைப் பார்த்த தீ அறிவியல் நிபுணர்கள், அந்த அடையாளங்கள் சதியை நிரூபிக்கவில்லை என்று எழுதினார்கள். ஓக்லாந்தின் சாம்பலில் கிடைத்த ஜன்னல் கண்ணாடி அந்த உண்மையைப் பல வருடம் முன்பே சொல்லிவிட்டது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

சாவிகளும் சாம்பலும்

2018 நவம்பர் 8ஆம் தேதி கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் எரிந்தது. பெயருக்கு அர்த்தம் சொர்க்கம்! 85 பேர் பலி, 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் நாசம். தப்பித்தவர்கள் எல்லோர் பையிலும் ஒரு பொருள் தவறாமல் இருந்தது. வீட்டுச் சாவி. பூட்டு இல்லை, கதவு இல்லை, வீடே இல்லை. சாவி மட்டும் இருக்கிறது. ஜெஸ்ஸி மெர்சர் என்ற கலைஞர் அந்தச் சாவிகளைக் கேட்டு வாங்கினார். 18,000க்கும் மேல் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவைச் சிலை ஒன்றைச் செய்தார். அது தீயின் முதலாண்டு நினைவு நாளில் திறக்கப்பட்டது.

இன்னொரு விஷயம் கேட்டால் மனம் கனத்துவிடும். அங்கே பல வீடுகளில் இறந்தவர்களின் அஸ்தியைக் கலசத்தில் வைத்திருப்பார்கள். நம்மைப் போல ஆற்றிலோ கடலிலோ கரைப்பதில்லை. வீடு எரிந்தபின் சாம்பலுக்குள் அந்தச் சாம்பலை எப்படித் தேடுவது? மனித எலும்பின் வாசனையைக் கண்டுபிடிக்கப் பழக்கிய நாய்களும், தொல்லியல் ஆய்வாளர்களும் சேர்ந்து தேடிக் கொடுக்கிறார்கள். நிறமும் பதமும் வேறாக இருக்கும், கூடவே தகன மையத்தில் போட்ட எண் பொறித்த உலோக வில்லை உருகாமல் கிடந்தால் சந்தேகம் தீர்ந்தது.

நம் ஊர்க் கூரை வீடு

கடைசியாக நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கே வீட்டை எரிப்பது காட்டுத்தீ இல்லை. அடுப்புப் பொறி, சிம்னி விளக்கு, மின்கசிவு, திருவிழா வெடி. ஓலைக் கூரை பிடித்தால் எரிந்து முடிய சில நிமிடம்தான். காற்று அடித்தால் தெருவே போகும். தாசில்தார் வந்து வேட்டி, சேலை, அரிசி, கொஞ்சம் பணம் கொடுப்பார். மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும்.

குடிசை சீக்கிரம் எரிந்துவிடுவதால் உலோகம் உருகும் அளவுக்குச் சூடு நிலைக்காது. அம்மி, உரல், இரும்புச் சட்டி, பாத்திரம் பெரும்பாலும் மிஞ்சும். போவது எது? கூரையில் செருகி வைத்த ரேஷன் கார்டு, டிரங்குப் பெட்டியில் இருந்த பட்டா, மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், இறந்தவர்களின் ஒரே போட்டோ. பணக்கார வீட்டில் ஒரு தீயோடு பொருள் போகிறது. ஏழை வீட்டில் தான் யார் என்று நிரூபிக்கும் காகிதம் போகிறது. பெஷ்டிகோவில் பதிவேடு எரிந்ததால் இறந்தவர்கள் எண்ணிக்கையே தெரியாமல் போனதே, அதே கதைதான் சின்ன அளவில்.

அரசுகளும் இதை உணராமல் இல்லை. 2010இல் தமிழ்நாட்டில் குடிசைகளை கான்கிரீட் வீடுகளாக மாற்றக் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2011இல் பசுமை வீடு திட்டம். 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்ற திட்டம், 2030க்குள் 8 லட்சம் வீடு என்ற இலக்கோடு. பட்டாவையும் சான்றிதழையும் இன்று கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ள முடிகிறது. இதெல்லாம் நல்ல மாற்றம். ஆனால் பழைய போட்டோவுக்கு எந்த அலுவலகத்திலும் நகல் கிடையாது.

இந்த வரலாற்றிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுதான். நெருப்பு எதை விட்டுவைக்கும் என்பதை நம் ஆசை முடிவு செய்வதில்லை, பொருளின் குணம் முடிவு செய்கிறது. எனவே மிஞ்சாது என்று தெரிந்தவற்றுக்கு முதலிலேயே வழி செய்து வைப்பது நம் கையில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பத்திரத்துக்கும் பழைய போட்டோவுக்கும் இன்றே ஒரு நகல் எடுத்து வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். அம்மிக்கல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.